ஐவர்மலைப் பொன்னும் கும்பினியார் கணக்கும்

பழனிக்கு மேற்கே, பாப்பம்பட்டியை அடுத்து நிற்கும் ஐவர்மலைக்குத் திருவயிரை என்பது பழம்பெயர். அங்குள்ள இயற்கைக் குகைத்தளத்தின் முகப்புப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாய் அமைந்துள்ளன. இரண்டாம் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல் வெட்டப்பட்ட கல்வெட்டொன்றும் அங்குண்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், பார்சுவ படாரர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுப்பித்து, அவற்றின் திருவமுதுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்பது அதன் செய்தி. வரகுணன் அரியணை ஏறிய ஆண்டை வரலாற்றறிஞர்கள் உறுதிசெய்ய உதவியதும் இக்கல்வெட்டே. இத்தகைய அறக்கொடைகளில் முதல் அழிவதில்லை. அதன்மீது வரும் பொலிசை மட்டுமே ஆண்டுதோறும் செலவாகும். பொன் ஊரிலேயே இருக்கும். அறமும் ஊரிலேயே நடக்கும்.

வணிகத்தையும் நம் சமயத்தையும் இணைத்துப் பேசும் சான்றுகளில் இதனினும் பழமையானவை மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் உள்ளன. மாங்குளத்தில் முனிவர்க்குக் கற்படுக்கை அமைத்துத் தந்தவருள் வெள்ளறை நிகமத்தார் இடம்பெறுகின்றனர். நிகமம் என்பது வணிகர் குழு. திண்டுக்கல் சமவெளியின் தென்கிழக்கு எல்லையில் எழும் அழகர்மலைத் தொடரில், கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகைத்தளத்தில், தமிழி எழுத்துகளில் கொடையாளர் பலரின் பெயர்கள் உள்ளன. ஒருவன் உப்பு வணிகன்; ஒருவன் பாணிதம் எனப்படும் வெல்லப்பாகு விற்பவன்; ஒருவன் ஏர்க்கொழு விற்பவன்; ஒருவன் அறுவை, அதாவது துணி வணிகன்; பொற்கொல்லனும் உண்டு. உப்பும் துணியும் பொன்னும் விற்றவர்கள் தம் ஆதாயத்தில் ஒரு பங்கைக் கற்படுக்கையாக்கித் துறவியர்க்கு ஈந்தனர். இம்மூன்று பண்டங்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்குப் பின் இதே நிலப்பகுதியில் இதே உப்புக்கும் துணிக்கும் பொன்னுக்கும் நேர்ந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பொன்னிலிருந்தே தொடங்கலாம். பழனிப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் ரோமானியப் பொற்காசுப் புதையல் கிடைத்தது. சேர நாட்டுத் துறைமுகங்களிலிருந்து மதுரைக்குச் சென்ற பெருவழியில் இப்பகுதி இருந்தமையால் இது வியப்பன்று. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று ரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் புலம்பினார். மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்கும் விலையாக வந்த பொன் அது. விற்பவன் தன் விலையைச் சொன்னான். வாங்குபவன் புலம்பிக்கொண்டே கொடுத்தான். வாங்குபவன் கையில் விற்பவனின் நாட்டை ஆளும் வாள் இல்லை.

அவ்வாளும் தராசும் ஒரே கையில் சேர்ந்த காலத்தின் கொள்கையைத்தான் பொருளியலார் வணிகவாதம் என்கின்றனர். 16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய அரசுகள் இதனைப் பின்பற்றின. ஒரு நாட்டின் செல்வம் அதன் கருவூலத்திலுள்ள பொன்னும் வெள்ளியுமே. ஆதலால் விற்பது மிகுதியாகவும் வாங்குவது குறைவாகவும் இருத்தல் வேண்டும். குடியேற்ற நாடுகள் மூலப்பொருள் தரவும், தாய்நாட்டின் செய்பொருளை வாங்கவும் கடமைப்பட்டவை. அவ்வணிகம் தாய்நாட்டுக் கப்பலில், தாய்நாட்டார் கையிலேயே நடத்தல் வேண்டும் என்பன இதன் கூறுகள். 1651இல் இங்கிலாந்து கொண்டுவந்த கப்பல் போக்குவரத்துச் சட்டம் இதன் வெளிப்பாடே. கிழக்கிந்தியக் கும்பினியின் இயக்குநர்களுள் ஒருவரான தாமஸ் மன், கும்பினி வெள்ளியை இந்தியாவுக்குக் கொண்டுபோவதைக் குறைகூறியவர்களுக்கு மறுமொழியாகவே தம் நூல்களை எழுதினார். இன்று போகும் வெள்ளி நாளை பன்மடங்காகத் திரும்பும் என்பது அவர் வாதம். அவர் சொன்னபடியே திரும்பியது. திரும்பிய வழியை மட்டும் அவர் அறியாமலே இறந்தார்.

திண்டுக்கல் அவ்வழியில் எவ்வாறு அகப்பட்டது என்பது பலர் அறியாத கதை. நாயக்கர் காலத்தில் வலுப்பெற்ற மலைக்கோட்டை, 1755இல் ஐதர் அலியின் பொறுப்பில் வந்தது. பிரெஞ்சுக் கம்மியர்களைக் கொண்டு அவர் இங்கே படைக்கலச் சாலை அமைத்தார். அவர் மகன் திப்பு சுல்தானும் வணிக அரசரே என்பதை நாம் மறத்தலாகாது. மிளகு, சந்தனம், ஏலம் ஆகியவற்றைக் கும்பினியார்க்கு விற்பதைத் தடுத்து, அரசே வாங்கி விற்கும் முறையை அவர் ஏற்படுத்தினார். மஸ்கட்டில் வணிகச்சாலை நிறுவினார். எனவே 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட்டின் படை திண்டுக்கல் கோட்டையைக் கைப்பற்றியபோது, தராசு பிடித்த அரசு ஒன்றிடமிருந்து தராசு பிடித்த இன்னோர் அரசிடம் இவ்வூர் கைமாறியது. இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. திப்புவின் ஆதாயம் சீரங்கப்பட்டணத்தில் தங்கியது; கும்பினியின் ஆதாயம் கடல் கடந்தது.

1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல்லை முறைப்படி பெற்றவர் காரன்வாலிஸ் பிரபு. 1781இல் அமெரிக்காவில் யார்க்டவுன் என்னுமிடத்தில் வாஷிங்டனிடம் சரணடைந்தவரும் இவரே. அந்த அமெரிக்கப் போரின் காரணங்களுள் ஒன்று இதே கும்பினியின் தேயிலை. கும்பினி 1772இல் கடனில் மூழ்கியது. பிரிட்டிஷ் அரசு அதற்கு 14 இலட்சம் பவுண்டு கடன் கொடுத்ததோடு, தேங்கிக் கிடந்த தேயிலையை அமெரிக்கக் குடியேற்றங்களில் நேரடியாக விற்கவும் 1773இல் சட்டம் இயற்றித் தந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் அத்தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினர். வணிகவாதத்தால் ஒரு குடியேற்ற நாட்டை இழந்த படைத்தலைவர், பத்தாண்டு கழித்து நம் பக்கம் வந்து மற்றொன்றைச் சேர்த்துக்கொண்டார். பள்ளியில் பாஸ்டன் தேநீர் விருந்தைத் தனிப்பாடமாகவும் மைசூர்ப் போரைத் தனிப்பாடமாகவும் படிப்பதால் இத்தொடர்பு பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஆசிரியர்களாகிய எங்களுக்கும் நெடுநாள் தெரிந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மதுரை மாவட்டப் பகுதியில் கும்பினியாரின் நேரடி ஆட்சிக்கு முதலில் வந்த நிலம் திண்டுக்கல்லே. 1790இலேயே அலெக்சாண்டர் மெக்லியாட் என்பவர் இங்குக் கலெக்டர் ஆனார். கலெக்டர் என்னும் சொல்லுக்குத் தண்டுபவர் என்பதே பொருள். இங்குதான் வரலாற்றின் திருப்பம் உள்ளது. அதுவரை கும்பினி, நெசவாளரிடம் துணி வாங்க இங்கிலாந்திலிருந்து வெள்ளி கொண்டுவர வேண்டியிருந்தது. நிலவரி தண்டும் உரிமை கிடைத்ததும் அத்தேவை குறைந்தது. குடியானவனிடம் வரியாகப் பெற்ற பணத்தில் படைச்செலவு போக எஞ்சியதைக் கொண்டு அதே நாட்டின் துணியை வாங்கிக் கப்பலேற்றினர். 1765க்குப் பின் வங்காளத்தில் இது பெரும் அளவில் நடந்தது. சென்னை மாகாணத்தில் போர்கள் ஓயாமையால் வருவாயின் பெரும்பகுதியைப் படையே விழுங்கியது. ஆயினும் முறை ஒன்றே. வரிப்பணத்தில் சரக்கு வாங்கும் இந்த ஏற்பாட்டுக்குக் கும்பினியார் இட்ட பெயர் ‘முதலீடு’. முதல் யாருடையது, ஈடு யாருக்கு என்று அப்பெயர் சொல்லவில்லை. வேடசந்தூர்க் குடியானவன் தன் பொருளுக்குத் தானே விலை கொடுத்துப் பிறனுக்கு அனுப்பிவைத்தான் என்றால் மிகையாகாது.

அவ்விலையும் சிறிதன்று. ஹர்டிஸ் என்னும் கலெக்டர் காலத்தில் திண்டுக்கல் நிலம் அளக்கப்பட்டு வரி வரையறுக்கப்பட்டது. வரி ரொக்கமாகச் செலுத்தப்படல் வேண்டும். குறித்த தவணையில் செலுத்தப்படல் வேண்டும். ஆகவே அறுவடை முடிந்தவுடன் எல்லோரும் ஒருசேர விற்க, விலை சரியும். சரிந்த விலையில் வாங்கி வைப்பவர் பிழைப்பர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டை மிட்டாக்களாகப் பிரித்து, நிலையான வரிக்கு உடன்பட்டோர்க்கு விற்றுப் பார்த்தனர். வரிச்சுமையும் மழையின்மையும் சேர்ந்து தாக்க, வாங்கியவர்களுள் பலர் நிலுவைப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே இழந்தனர். இதற்கிடையே பாளையக்காரர் கிளர்ச்சியும், விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டதும் அனைவரும் அறிந்தவை. அக்கிளர்ச்சியை வீரக்கதையாக மட்டும் சொல்லிவிடுகிறோம். அதன் அடியில் வரிக்கணக்கு இருந்தது.

அடுத்து அறுவை வணிகனின் துணி. நம் நாட்டுப் பருத்தித் துணி இங்கிலாந்தில் பரவியபோது அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தனர். 1719இல் இலண்டன் தெருக்களில் இந்தியத் துணி உடுத்திய பெண்களின் ஆடையைக் கிழித்தெறிந்தனர். அவர்கள் கோபத்திலும் பசி இருந்தது. அதை நாம் மறுக்கவேண்டியதில்லை. 1700ஆம் ஆண்டுச் சட்டம் அச்சடித்த இந்தியத் துணியின் இறக்குமதியைத் தடுத்தது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் அதை உடுத்துவதையே தடுத்தது. அத்தடையின் நிழலில் அங்குப் பருத்தித் தொழில் வளர்ந்தது; பின் இயந்திரம் வந்தது. அதன் பிறகும் 1824இல் இந்தியப் பருத்தித் துணிக்கு இங்கிலாந்தில் நூற்றுக்கு 67½ வீதம் சுங்கவரி. அங்கிருந்து இங்கு வந்த துணிக்கோ மிகச் சொற்ப வரி. உள்நாட்டு நெசவாளனோ தறிக்கு மொதர்பா என்னும் வரி கட்டினான். நூலும் துணியும் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் வழியிலோ சாவடிதோறும் சுங்கம் கட்டவேண்டியிருந்தது. சின்னாளபட்டித் தறிகள் இன்றும் ஓடுகின்றன என்பது அந்நெசவாளர்களின் உரத்திற்குச் சான்று; கும்பினியாரின் கருணைக்கு அன்று.

உப்பு வணிகனின் கதை சுருக்கமானது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கும்பினியின் தனியுரிமை ஆயிற்று. கடற்கரை அளத்தில் விளைந்த உப்பை அரசுக்கே விற்கவேண்டும். அரசு வைத்த விலைக்கே பிறர் வாங்கவேண்டும். 1844இல் மேற்சொன்ன வழிச்சுங்கத்தை ஒழித்தார்கள். நன்றே. அதனால் வந்த இழப்பை ஈடுகட்ட உப்பின் விலையை ஏற்றினார்கள். கடலைக் காணாத திண்டுக்கல் சமவெளியில் கூழுக்கு உப்பிட்டவர் ஒவ்வொருவரும் அவ்விழப்பை நிரப்பினர். அழகர்மலை உப்பு வணிகன் அக்காலத்தில் பிறந்திருந்தால் கற்படுக்கை ஈந்திருக்க மாட்டான். கள்ளக்கடத்தல் வழக்கில் சிக்கியிருப்பான்.

திண்டுக்கல் என்றதும் உலகம் அறிந்த பண்டம் புகையிலை. சிராவகர் தொடக்கூடாத பொருளைப் பற்றி விழா மலரில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். வணிகவாதத்தின் இயக்கம் இங்குப் போல வேறெங்கும் தெளிவாகத் தெரியவில்லை என்பதே என் விடை. செடி அமெரிக்காவுக்குரியது, போர்ச்சுகீசியர் வழியே வந்தது. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பகுதியின் மண்ணும் சற்றே உவர்த்த கிணற்று நீரும் அதற்கு ஏற்றவையாயின. கோயம்புத்தூர், மலபார், கன்னடச் சீமைப் பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கும்பினி புகையிலையைத் தனியுரிமையாக்கிக்கொண்டது. பயிரிட்டவன் அரசுக்கே விற்கவேண்டும் என்ற கட்டுப்பாடு அந்நூற்றாண்டின் நடுவில்தான் நீங்கியது. ஐரோப்பியர் விரும்பிய ‘திருச்சிராப்பள்ளிச் சுருட்டு’க்கு இலை பெரும்பாலும் திண்டுக்கல்லில் விளைந்ததே. 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே அடையாளம் காண்பது இச்சுருட்டைத்தான். புகழில்கூட விளைந்த ஊருக்குப் பங்கு கிடைக்கவில்லை.

1875இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை போடப்பட்டதும் திண்டுக்கல்லிலேயே ஐரோப்பியர் சுருட்டுத் தொழிற்சாலைகள் பெருகின. ஸ்பென்சர் நிறுவனத்தின் தொழிற்சாலை அவற்றுள் புகழ்பெற்றது. உள்ளே நம்மூர் இலை. மேலுறைக்கு டச்சுக்காரர் ஆண்ட ஜாவாத் தீவின் இலை. சுருட்டியவை நம்மூர்க் கைகள். இரு பேரரசுகளின் குடியேற்ற நாடுகள் ஒரு சுருட்டுக்குள் அடங்கின. விலை வைத்தவர்கள் இரு குடியேற்றத்தையும் சேராதவர்கள். சர்ச்சில் திண்டுக்கல் சுருட்டு பிடித்தார் என்று இவ்வூரார் பெருமையாகச் சொல்வர். நான் இங்குப் பணியாற்றிய ஆண்டுகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் பெருமை தோன்றியதில்லை. ஆவாரம்பட்டையில் அரைப்பதமாகப் பதனிட்ட தோல் இங்கிருந்து இலண்டன் சென்று அங்கே முழுப்பதம் பெற்றதும் இதே வகைதான். ஆதாயம் அந்த இரண்டாம் பாதியில் இருந்தது. கெட்ட நீர் முதற்பாதியில், நம் கிணறுகளில் தங்கியது.

நம் ஆகமம் இதை எவ்வாறு காணும் என்று எண்ணிப் பார்த்தேன். உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கள்ளாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளைக் கொள்ளுதல், விருத்த ராஜ்யாதிக்கிரமம், குறைத்தும் மிகுத்தும் அளத்தல், போலிச் சரக்கை நல்லதென விற்றல் என்பன அவை. மூன்றாவதற்குப் பூஜ்யபாதர் தரும் விளக்கத்தைப் படித்தபோது வியந்தேன். அரசு நிலைகுலைந்த நாட்டில், உயர்ந்த விலை பெறும் பொருளை அற்ப விலைக்குக் கொள்ள முயல்வதே அது என்கிறார். கும்பினி வரலாற்றை 1,000 ஆண்டுகளுக்கும் முன்பே ஒரு வரியில் எழுதிவைத்தாற்போல இருக்கிறது. ஆர்க்காட்டு நவாபும் மைசூரும் பாளையக்காரரும் பொருதி நிலைகுலைந்த நாடு அன்றைய தென்தமிழகம். நான்காவதாகிய இரட்டை அளவையோ, 67½ வீதத்துக்கும் சொற்ப வரிக்கும் இடையிலுள்ள தூரமே. திசைக்கு எல்லை வகுக்கும் திக்விரதத்தையும், பொருளுக்கு எல்லை வகுக்கும் விரதத்தையும் 1600இல் சாசனம் பெற்ற அந்நிறுவனத்திடம் எதிர்பார்க்க இயலாது.

ஆனால் நம்மவரை எல்லாம் தூயோராக்கி எழுதுவதும் வரலாறாகாது. இடைக்காலத்து ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் எறிவீரர் என்னும் படைக்காவலோடு உலவின. 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிசயம் சென்றதில் வணிக நோக்கம் இல்லை என்று எவரும் சாதிக்க முடியாது. கும்பினிக்கு நெசவாளரைப் பிடித்துக் கொடுத்த தரகரும், முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்ட குமாஸ்தாக்களும் நம் நாட்டாரே. தொண்டை மண்டலத்து நம் குடும்பங்கள் பெரும்பாலும் உழுதுண்டு வாழ்ந்தவை. வரி கட்டிய பக்கத்தில் இருந்தவை. அது நம் விரதத்தால் நேர்ந்ததா, வாய்ப்பின்மையால் நேர்ந்ததா என்று நான் அறுதியிட மாட்டேன்.

பேரரசுக்கும் இக்கொள்கை முழு நன்மை செய்யவில்லை. இங்கிலாந்துக் குடிகள் நல்ல துணியை விரும்பிய விலைக்கு வாங்க இயலாது போயினர், அமெரிக்கா கைவிட்டுப் போனது, கும்பினியே கடனாளியாயிற்று. வணிகர் கூட்டம் ஒன்று அரசாளுவது எல்லா அரசுகளிலும் கீழானது என 1776இலேயே ஆடம் ஸ்மித் எழுதினார். 1813இல் கும்பினியின் இந்திய வணிகத் தனியுரிமையும், 1833இல் அதன் வணிகம் முழுவதும் முடிவுக்கு வந்தன. கொள்கையின் பெயர் தடையிலா வணிகம் என்று மாறியது. மாறிய பின்னரே 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம் வந்தது. புதிய இருப்புப்பாதை வந்துவிட்ட நாடு இது. ஆயினும் தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்று வைசிராய் லிட்டன் கூறிவிட்டார். இந்தியத் தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தது. மாகாணத்தில் பல இலட்சம் பேர் மாண்டனர். மதுரை, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களிலிருந்து முன்னரே கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றுகொண்டிருந்த மக்கள் கூட்டம் அப்போது மேலும் பெருகிற்று. இலை, துணி, தோல் ஆகியவற்றுக்குப் பின் மனிதர்களும் கப்பலேறினர்.

இம்முறை தீர்த்த யாத்திரை செல்லும் நம் குடும்பங்கள், பழனிப் பக்கம் வந்தால் ஐவர்மலைக்கும் ஏறவேண்டும். படிகள் உண்டு, வெயிலுக்கு முன் ஏறுவது நல்லது. சாந்திவீரக் குரவரின் கல்வெட்டு குகைத்தளத்தின் மேல் பாறையில் உள்ளது. எழுத்துகளின் மேல் எண்ணெயோ சுண்ணமோ படாமல் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அங்கு நின்று கிழக்கே நோக்கினால் திண்டுக்கல் வரை விரியும் சமவெளி தெரியும். அச்சமவெளியில் ஈட்டிய பொன்னிலிருந்து 505 காணம் இக்குன்றின் மேல் வந்து சேர்ந்த நாளைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல, அதைவிட நல்ல இடம் வேறில்லை.